சாக்கைக் கழித்த கணக்கு

பொள்ளாச்சி
22.11.1998

அன்புள்ள புவனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் தம்பி தீபக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்த டில்லிக் குளிரில் நீயும் சளி பிடிக்காமல் இருந்தால் அதுவே போதும். ஐப்பசி மழை இந்த வருஷம் நன்றாகப் பெய்தது, நாலு நாள் களத்தில் கொப்பரை காயாமல் கிடந்தது தவிர மண்டியில் வியாபாரம் சுறுசுறுப்பாகத்தான் போகிறது. அம்மா கொடுமுடிக்குப் போய் உன் பேரில் அர்ச்சனை செய்து வந்தாள், திருநீறு இத்துடன் இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நீங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து செய்த பேட்டரி கார் சமதரையில் ஓடிவிட்டு, கல்லூரி வாசல் மேட்டில் மோட்டார் சூடாகி நின்றுவிட்டது, மோட்டாருக்கும் பல்சக்கரத்துக்கும் கணக்குப் போட்டது நீ என்பதால் பையன்கள் உன்னைக் குற்றம் சொல்கிறார்கள், குழுவை விட்டு விலகிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அம்மாவிடம் படித்துக் காட்டினேன், வண்டி ஏறலீன்னா எம்புள்ள எதுக்குங்க எறங்கோணும் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். எனக்கும் அதுதான் எண்ணம்.

மோட்டார் விவகாரம் எனக்குத் தெரியாது கண்ணு, ஆனால் கடிதத்தோடு நீ அனுப்பிய வண்டியின் எடைப் பட்டியல் எனக்குப் பழகின பாஷை. இதற்கு முந்தின கடிதத்தில், பேட்டரி அடுக்கும் இரும்புப் பெட்டியைத் தூக்க நாலு பேர் வேண்டும் என்று கேலியாக எழுதியிருந்தாய். பட்டியலில் பேட்டரி எட்டு, ஒன்று இருபத்தெட்டு கிலோ என்று இருக்கிறது, ஓட்டுகிற பையன்கூட இருக்கிறான், பெட்டியை மட்டும் காணோம். ஏழாம் வகுப்பிலிருந்து லீவு நாளெல்லாம் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டைக்கு மூட்டை சாக்கு எடையைக் கழித்து எழுதியவள் நீ. அந்தப் பழக்கத்தில் பெட்டியையும் சாக்காக நினைத்துக் கழித்துப்போட்டாய். கொப்பரை வாங்குகிறவனுக்குத்தான் சாக்கைக் கழிக்க வேண்டும், மேடு எதையும் கழிக்காது.

லாரி எடை போடும் மேடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், பையனையும் உட்காரவைத்து முழு எடை பார். மோட்டார் காயிலுக்குக் கம்பி சுற்றும் நம் பாலுசாமியிடம் கேட்டேன், மோட்டாரை மாத்தோணும்னு இல்லீங்க, பின்சக்கரத்துல பல்லு சாஸ்தியா இருக்கற சக்கரம் மாட்டுனா ஏறிப்போடுமுங்க, வேகந்தான் கொஞ்சம் கொறையும் என்கிறார். குறையட்டும். நான் நினைப்பது தப்பாக இருந்தால் அப்பனுக்கு இது தெரியாது என்று விட்டுவிடு. சரியாக இருந்தால், டிசம்பர் முதல் ஞாயிறு நடக்கும் உங்கள் குழுக் கூட்டத்தில் பையன்கள் வாய் திறக்கும் முன்னால் நீயே எழுந்து, விட்டுப்போன எடை இவ்வளவு, விட்டது நான் என்று சொல்லிவிடு. மூட்டையில் பூஞ்சணம் இருந்தால் நானே பிரித்துக் காட்டிவிடுவேன், வாங்குகிறவன் கண்டுபிடித்தால் அப்புறம் நல்ல மூட்டையையும் குத்திப் பார்ப்பான்.

ஈரத்தலையோடு வெளியே போகாதே என்று அம்மா இரண்டு தரம் சொல்லச் சொன்னாள். எடை தெரிந்ததும் ஒரு கார்டு போடு. கொடுமுடி மகுடேசுவரர் துணையிருப்பார், வண்டி மேடேறும். சாக்கைக் கழிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான், அதனால் தப்பில் பாதி என்னுடையது. அதைக் கூட்டத்தில் சொல்ல வேண்டாம் அம்மணி, நமக்குள் இருக்கட்டும்.

ஆசிகளுடன்
உன் அப்பா
கந்தப்பன்