அப்பாவின் மீசையும் அக்காவின் மாடி அறையும்

அன்பு மகளுக்கு, அப்பாவும் அம்மாவும் சொல்லச் சொல்ல உன் தம்பி வாலு எழுதிக்கொள்வது. இங்கே அப்பா சுகம், அம்மா சுகம், அப்பா ஓட்டும் வேனுக்கு மட்டும் காலையில் கொஞ்சம் இருமல், மற்றபடி வீடு ஓடிக்கொண்டிருக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல், புது அறையில் பெட்டியைப் பிரித்து அடுக்கிவிட்டாய் என்று நம்பி எழுதுகிறோம். முதலில் ஒரு முக்கிய அறிவிப்பு, எழுந்து நின்று படிக்கவும். நம் குடும்பத்தின் மூத்த உறுப்பினரும், நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பாவின் மூக்குக்குக் கீழே விடுப்பெடுக்காமல் பணியாற்றியவரும், பள்ளிக்கூட வேனில் கூச்சல் போடும் பிள்ளைகளை ஒரே அசைவில் உட்கார வைத்தவருமான திருவாளர் மீசை அவர்கள், சென்ற சனிக்கிழமை காலை குளியலறைக் கண்ணாடி முன்னிலையில், உன் நலன் கருதிப் பதவி விலகினார். இதையெல்லாம் எழுதாதடா என்று பார்சலுக்குக் கயிறு கட்டிக்கொண்டே அப்பா கத்துகிறார். எழுதியாயிற்று.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்பாய். அப்பாவின் உத்தரவு. புது விலாசத்துக்குப் போற முதல் தபால் நம்ம வீட்டுதா இருக்கணும், கரண்ட் பில் முந்திக்கக்கூடாது என்கிறார். அவர் கையெழுத்தை அவரே இரண்டாம் முறை படிக்க முடியாது. ஆஸ்பத்திரி கவுண்டரில் உட்காரும் அம்மா எழுதினால் அங்கே கொடுக்கும் டோக்கன் மாதிரி நாலு சொல்லில் முடிந்துவிடும். ஆகவே வீட்டின் இலக்கியப் பொறுப்பு என் தலையில் விழுந்தது, தலையும் தாங்கிக்கொண்டது. அப்பா சொல்வதை அப்பா என்றும் அம்மா சொல்வதை அம்மா என்றும் எழுதுகிறேன், மீதி அறிவான விஷயங்கள் எல்லாம் என்னுடையவை.

அம்மா சொல்கிறாள், பட்ட கஷ்டத்தை மறந்துடாத, அப்பத்தான் கிடைச்சதோட அருமை தெரியும். மறக்க முடியுமா. நீ பட்டம் வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு கம்பெனியும் உன்னைப் பட்டமாகத்தான் பறக்கவிட்டது, கொஞ்ச நேரம் மேலே, அப்புறம் நூலறுந்து கீழே. ஒவ்வொரு இன்டர்வியூவுக்கும் முந்தின நாள் நம் சமையலறையில் ஒத்திகை நடக்கும். அப்பா பனியனுக்கு மேலே டை கட்டிக்கொண்டு மேனேஜராக உட்காருவார், அவரிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி, கோபம் வருமாம்மா உனக்கு? அம்மா கவுண்டர் பழக்கத்தில் நீ வாயைத் திறப்பதற்குள் அடுத்தது! என்று கூப்பிட்டுவிடுவாள். நீ சிரித்துச் சிரித்துத்தான் பயத்தை மறந்தாய். கடைசியில் மருந்துக் கம்பெனியின் சோதனைச்சாலையில் வேலை கிடைத்தபோது, கோபம் வருமான்னு கேட்டாங்களா என்றுதான் அப்பா முதலில் விசாரித்தார். கேட்கவில்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

வேலை கிடைத்ததும் கஷ்டம் தீர்ந்தது என்று நினைத்தோம். வாடகை என்ற சொல்லுக்குள்ளேயே வாட என்று எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது. நீ தோழியின் விடுதி அறையில் தரையில் படுத்திருந்தாய், அந்த விடுதிக்காரரோ மாதக் கடைசிக்குள் கிளம்பச் சொல்லிவிட்டார். ஒரு வீட்டுக்காரர் தனியாக இருக்கும் பெண்ணுக்குத் தரமாட்டாராம். இன்னொருவர் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டார், நீ வேலைக்குச் சேர்ந்தே மூன்று வாரம். வேறொருவர் குளியலறைக்குக் கதவே இல்லாத வீட்டைக் காட்டி, காத்தோட்டமா இருக்கும்மா என்றார். பிறகுதான் இந்த மாடி அறை கண்ணில் பட்டது, வேலைக்கு நடந்தே போகலாம், இரண்டு ஜன்னல், தனிக் குழாய், முக்கியமாகக் குளியலறைக்குக் கதவு. கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா ரிட்டயரான தலைமை நர்ஸ். சம்பளச் சீட்டெல்லாம் வேண்டாம், உங்க அப்பா அம்மாகிட்ட வீடியோவுல பேசிட்டுத்தான் சாவி குடுப்பேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அப்பா சோற்றில் கையை வைத்தபடியே, இதுவும் அமையலேன்னா வேலைய விட்டுட்டு வந்துரும்மா என்று உன்னிடம் சொன்னார். நீ போனை வைத்துவிட்டாய். அம்மா அன்று முழுக்க அடுத்தது என்று சொல்லவே இல்லை.

இதுவரை உன்னை இன்டர்வியூ செய்தவர்களுக்கே இன்டர்வியூ என்றதும் இரண்டு பேருக்கும் கைகால் ஓடவில்லை. அங்கேதான் அக்கா, உன் தம்பி நான் களத்தில் இறங்கினேன். இயக்கம் நான், ஒளியமைப்பு நான், அரங்க நிர்மாணமும் நானே. கூடத்துச் சுவரில் ஈரம் படிந்த இடத்தை மறைக்க உன் புத்தக அலமாரியை இழுத்துப் போட்டேன். கொடியில் காய்ந்த துணியெல்லாம் என் உத்தரவின் பேரில் கட்டிலுக்கு அடியில் தலைமறைவானது. கட்டில் என்றால் உன் ஜன்னலோரக் கட்டில்தான், அது இப்போது என் ஆட்சியில் இருக்கிறது, நீ இல்லாத குறையே தெரியாமல் கைகாலை நீட்டிப் படுக்கிறேன். அம்மா அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இந்த மீசையப் பாத்தா வாடகை வசூலிக்க வந்தவர் மாதிரி இருக்கு, குடுக்கறவர் மாதிரி இல்லையே, கொஞ்சம் குறைங்களேன் என்றாள். ஆலோசகராக நான் பக்கத்தில் நின்றேன். இடது பக்கம் கொஞ்சம் என்றேன், இப்போ வலது பக்கம் கொஞ்சம் என்றேன், சமன் செய்து சமன் செய்து கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக ஒன்றுமே இல்லாமல் போயிற்று. அப்பா கண்ணாடியைப் பார்த்து, யாரு இது என்றார். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, யாரா இருந்தா என்ன, வீடு குடுப்பாங்க என்றாள்.

போன் பிடிக்கும் தொழில்நுட்பத்தையும் சொல்ல வேண்டும். முதுகுப் பக்கத்துக் கேமராதான் தெளிவு என்று கண்டுபிடித்தவன் நான். திரையை என் பக்கம் வைத்துக்கொண்டு, அந்தம்மா முகத்தைப் பார்த்தால் உங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், போனின் முதுகைப் பார்த்துக் கம்பீரமாகப் பேசினால் போதும் என்று இருவரையும் உட்கார வைத்தேன். நீ வாளித் தண்ணீரில் போட்டெடுத்த நாளிலிருந்து திரையின் மேல் மூலை கறுத்துக் கிடக்கிறது, அதனாலென்ன, வீட்டுக்காரம்மா முகம் நடுவில் பளிச்சென்று தெரிந்தது. நான் பின்னால் நின்று சைகையால் இயக்கினேன். மீசை முறுக்கினால் கம்பீரம், மூக்கைப் பிடித்தால் பேச்சைச் சுருக்கு, காதை இழுத்தால் சிரி. அந்தம்மா வணக்கம் சொல்லும்போதே சிரித்த முகம். நல்லா தெரியுதாங்க என்று அப்பா கேட்டார், ரொம்ப நல்லா தெரியுது என்று இன்னும் சிரித்தார். வீட்ல வேற யாரு இருக்காங்க என்று கேட்டதற்கு அப்பா, ஒரு பையன் இருக்கான், ரொம்ப அமைதியானவன், இருக்கற இடமே தெரியாது என்றார். அந்தம்மா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. தான் இவ்வளவு நகைச்சுவையாகப் பேசுவோம் என்று அப்பாவுக்கே அன்றுவரை தெரியாது, அதிலிருந்து வேன் பிள்ளைகளுக்குக்கூட ஜோக் சொல்லிப் பார்க்கிறார், அவர்கள் மீசை எங்கே என்றுதான் கேட்கிறார்கள்.

எல்லாக் கேள்வியும் ஒத்திகைப்படியே போனது. அப்புறம் ஒத்திகையில் இல்லாத ஒன்றைக் கேட்டார், பொண்ணு இல்லாம வீடு எப்படி இருக்கு? எந்தக் கூட்டத்துக்கும் பதில் சொல்லும் அம்மா அலமாரியைப் பார்த்தாள். அப்பாதான், சாயங்காலம் வேனைக் கொண்டாந்து நிறுத்தறப்ப கேட்டைத் திறக்கச் சொல்லி ஹாரன் அடிப்பேங்க, அவதான் ஓடி வருவா, இப்பவும் பழக்கத்துல அடிச்சுட்டு, அப்புறம் நானே இறங்கித் திறந்துக்கறேன் என்றார். அந்த நேரம் பார்த்து மின்விசிறி தூசியைக் கிளப்பி என் கண்ணில் போட்டுவிட்டது, இருந்தாலும் போனை ஆடாமல் அசையாமல் பிடித்திருந்தேன், அதுதான் தொழில் தர்மம். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பொண்ண வரச் சொல்லுங்க, சாவி தயாரா இருக்கு என்றார். அக்கா, அப்புறம் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். அம்மா எழுந்து நின்று, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி அடுத்தது! என்று ஒரு சத்தம். அப்பா ஓடிப்போய் வேனில் ஏறி ஹாரனை அழுத்தியவர் எடுக்கவே இல்லை, எதிர்வீட்டுத் தையல்காரர் ஊசியும் நூலுமாக வெளியே வந்துவிட்டார். என் பொண்ணுக்கு வேலையும் கிடைச்சுது, வீடும் கிடைச்சுது என்று அப்பா ஜன்னல் வழியே அவரிடம் கத்தினார், அவருக்கு மட்டும் இல்லை, கேட்காதவர்களுக்கும் சொன்னார். ஜெயித்தது நீ, ஜெயிக்க வைத்தது நான், இதை வரலாறு பதிவு செய்யட்டும்.

பார்சலில் இரண்டு போர்வை, இஸ்திரிப் பெட்டி, உன் பழைய தலையணை, பால் காய்ச்சுகிற பாத்திரம், அப்பா வாங்கிய பூட்டு எல்லாம் இருக்கிறது. வீட்டுக்காரம்மா பூட்டு நல்ல பூட்டுதான், ஆனா நம்ம பூட்டு நம்ம பூட்டும்மா என்கிறார். ஒரு சாவியை உன்னோடு வேலை பார்க்கும் நம்பிக்கையான பெண்ணிடம் கொடுத்து வை. காஸை அணைத்தாயா என்று வாசலில் நின்று ஒரு முறை யோசி, பாதி வழியில் நின்று யோசிக்காதே. குழாய் சொட்டினால் அன்றே சொல்லிவிடு. அந்தம்மா கொடியில் கேட்காமல் துணி காயப்போடாதே. இது அம்மா. சோதனைச்சாலையில் எதைத் தொட்டாலும் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடு, மேலதிகாரி கோபப்பட்டால் நீ கோபப்படாதே, அதற்குத்தான் அன்றைக்கே கேட்டேன். இது அப்பா. சம்பளம் வந்ததும் தம்பியை மறக்காதே. இது யார் என்று சொல்லவேண்டியதில்லை.

உன் பெயருக்கு ஒரு கதவும், அந்தக் கதவைத் திறக்க உன் கையில் ஒரு சாவியும் வந்ததில் எங்களுக்கு வயிறு நிறைந்துவிட்டது. எப்போதும் நன்றாக இரு, தலை நிமிர்ந்து நட, ஞாயிற்றுக்கிழமையும் மறக்காமல் போன் செய்.

இப்படிக்கு, உன்னை நினைத்தாலே நிமிர்ந்து உட்காரும் அப்பா, அம்மா.

கையெழுத்துப் போட்டுவிட்டு இரண்டு பேரும் பார்சலைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள், கவரை ஒட்டுவது என் வேலை. அதனால் அடியில் இருக்கிற இடத்தில் சின்னதாக எழுதுகிறேன். வீட்டுக்காரம்மா சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார், ஆனால் அவருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது, உன்னை மாடிப்படியில் பார்த்தாலே சொல்லிவிடுவார், அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அப்பா ஹாரன் அடிக்க ஓடியதும் நான் போனை அணைக்கப் போனேன், அந்தம்மா இன்னும் லைனில் இருந்தார். தம்பி, மூக்கைத் துடைச்சுக்கோ என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது, முதுகுக் கேமரா வேலை செய்யவே இல்லை, முன்பக்கக் கேமராதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நம் முகம் தெரியவேண்டிய கட்டம்தான் அந்தக் கறுத்த மூலையில் மாட்டிக்கொண்டதே. அலமாரி, இஸ்திரி போட்ட சட்டை, அம்மாவின் புதுப் புடவை எதையும் அவர் பார்க்கவில்லை. முதலிலிருந்து கடைசிவரை திரையில் இருந்தது நான் மட்டும், பனியனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, இல்லாத மீசையை முறுக்கி, காதை இழுத்து, மூக்கைப் பிடித்து. அப்பா ஹாரனைப் பற்றிச் சொன்னபோது பனியன் ஓரத்தால் கண்ணைத் துடைத்ததும் நான்தான். மின்விசிறி ஓடவே இல்லை அக்கா, சத்தம் வருமென்று நானே நிறுத்தி வைத்திருந்தேன். பொண்ணு இல்லாம வீடு எப்படி இருக்குன்னு கேட்டேன்ல, உங்கப்பா வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே உன் மூஞ்சில படிச்சுட்டேன் என்றார். உன் கட்டிலிலும் நான் படுப்பதில்லை, ஒரே ஒரு நாள் படுத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை.

அம்மாவிடம் வேண்டுமானால் பிறகு சொல்லிக்கொள்ளலாம். அப்பாவிடம் மட்டும் வேண்டாம், மீசை முழுசாக முளைக்கிற வரைக்குமாவது. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று மூக்குக்குக் கீழே தடவிப் பார்த்துவிட்டு, போனா போகுது, என் பொண்ணுக்கு வீடு கிடைச்சுதே என்று சிரிக்கிறார். நான் பல் தேய்ப்பதைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறேன்.

வாலு