மணல் தறையில் அடைத்த பட்டி

அக்கா,

நேற்றுப் பின்னேரம் மாரியின் முதல் மழை விழுந்தது. பக்கத்துத் தோட்டத் தறையில் யாரோ ஆட்டுப்பட்டி அடைத்திருக்கிறார்கள். புழுக்கையும் மூத்திரமும் நனைந்து எழுந்த நெடி குசினி வரைக்கும் வந்தது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ இடது தோள் நோவெடுத்தது.

நீங்கள் முறித்த தோள் அது. நான் சரவணை ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டாவது மாரி. என் கணவர் கொழும்பில் கடையொன்றில் நின்றார். புகுந்த வீட்டில் என் பங்குக்கு வந்தது வெறும் மணல் தறை. ஊற்றிய தண்ணீர் கண் முன்னாலேயே கீழே இறங்கிவிடும். கடகம் கடகமாகப் பூவரசங்குழை சுமந்து மண்ணுக்குள் தாட்டு வளர்த்த மிளகாய்க் கன்றுகளை, அயல் வீட்டுக்காரியான உங்கள் ஆடுகள் ஒரு காலையில் மொட்டையாக்கிவிட்டன. நான் கொடுவாக்கத்தியை வீசினேன். சினை ஆடொன்றின் பின்னங்கால் அறுந்து தொங்கியது.

நீங்கள் ஓடி வந்தீர்கள். வேலியில் ஒரு கதியாலை உருவி என் தோளில் இறக்கினீர்கள். விழுந்த பிறகும் அடித்தீர்கள். நானும் விடவில்லை, உங்கள் முழங்கையைக் கடித்து இரத்தம் துப்பினேன். ஊர் விதானையார் வந்து இருவரையும் ஏசித்தான் பிரித்தார். அந்த ஆடு அன்றே செத்தது.

தோளில் கட்டோடு நான் கிடந்தபோது, நீங்கள் மாடும் ஆடுமாக என் தறைக்குள் வந்து நின்றீர்கள். மறுபடி அடிக்கத்தான் வந்தீர்களென்று கத்தியைத் தேடினேன்.

"கை ஏலாமல் நீர் எருக் காவமாட்டீர். பட்டியை இஞ்சை அடைக்கிறன்" என்றீர்கள்.

"ஏன்?"

"உம்மில இரக்கப்பட்டு வரேல்லை. மேய்ச்சல் தறையெல்லாம் தோட்டமாப் போச்சு. விளைஞ்சால் தாளும் கொடியும் என்ர மாடுகளுக்கு. ஓமெண்டால் சொல்லும்."

ஓம் என்றேன். நாலு நாளைக்கொரு முறை பட்டியை இடம் மாற்றினீர்கள். "வெயில் குடிக்க முன்னம் கொத்தி மூடும்" என்று என்னை விரட்டினீர்கள். குரக்கன் விதைத்தோம், தாளை உங்கள் மாடுகள் தின்றன. பிறகு பயறு, கொடியை ஆடுகள் தின்றன. மறுபடி பட்டி. சில வருடங்களில் அந்த மணல் கறுத்தது. கையில் பிடித்தால் உருண்டை நின்றது. சினேகம் என்று நாம் இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் ஒரே சட்டியில் சோறு தின்றோம்.

வெளிநாட்டிலிருந்து செத்தல் மிளகாய் வருவது நின்று விலை ஏறி, நாம் அந்தத் தறையில் மிளகாய் நட்டபோது, மணலாய்க் கிடந்த வரை திரும்பியும் பாராத என் கணவரின் தமையனுக்கு அது தன் பங்கென்று நினைவு வந்தது. இரண்டு ஆட்களோடு வந்து வேலியைப் பிடுங்கினார். பட்டிக்குள் புகுந்து ஒரு நாம்பன் மாட்டின் முதுகை இரும்பு அலவாங்கால் உடைத்தார். அது கதறிய கதறலில் நீங்கள் அவர்மேல் பாய்ந்தீர்கள். அலவாங்கு திரும்பியது. உங்கள் வலது கண் கன்னத்தில் ஒழுகியதை மூன்று முழத் தூரத்தில் நின்று பார்த்தேன்.

பொலிசு வந்தது. கணவரைப் பெற்ற மாமி என் பின்னால் நின்றார். "நான் காணேல்லை" என்றேன்.

நீங்கள் ஆசுப்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் உங்கள் மாடுகளுக்குத் தண்ணீர் வைத்தேன். அது போதுமென்று நினைத்துக்கொண்டேன். கட்டுப்போட்ட முகத்தோடு வந்து நேரே கேட்டீர்கள்:

"பொலிசுக்கு என்ன சொன்னனீர்?"

"காணேல்லையெண்டு."

என் கன்னத்தில் விழுந்த அறையில் காது கூவியது.

"எனக்கு ஒரு கண் போச்சு. உம்மட ரெண்டு கண்ணும் எங்கை போச்சு?"

பட்டியை அவிழ்த்து, கம்பு ஒன்றும் மிச்சம் விடாமல் கொண்டுபோனீர்கள்.

மூன்றாம் நாள் பஸ் ஏறி ஊர்காவற்றுறைப் பொலிசுக்குப் போனேன். கண்டதெல்லாம் சொன்னேன். பிறகு வழக்கு நடந்தபோது கோட்டிலும் சொன்னேன். தமையன் மறியற்சாலைக்குப் போனார். என் கணவர் கொழும்பிலிருந்து வந்து, தன் இடுப்புப் பட்டி அறும் வரை என்னை அடித்தார். காய்த்து நின்ற மிளகாய் முழுவதையும் தமையனின் ஆட்கள் அடியோடு வெட்டிப் போட்டார்கள்.

வெட்டிய செடிகளுக்கு நடுவே நான் குந்தியிருந்தபோது உங்கள் மாடுகள் வந்தன. பின்னால் நீங்கள், ஒற்றைக் கண்ணோடு.

"மன்னிச்சிட்டன் எண்டு நினையாதையும்" என்றீர்கள். "மாடுகளுக்குத் தாள் வேணும்."

கடைசி வரைக்கும் நீங்கள் மன்னிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. போன வருடம் உங்கள் பிரேதத்தைக் குளிப்பாட்டியபோது, முழங்கையில் என் பல் பதிந்த தழும்பைத் துடைத்தேன். மூடியிருந்த வலது கண்ணில் கை வைக்க மட்டும் எனக்குத் துணிவு வரவில்லை.

இப்போது ஊரில் எந்த வழக்குக்கும் என்னைக் கூப்பிட அஞ்சுகிறார்கள், அக்கா. சொந்தமோ பகையோ, "நீர் கண்டனீரோ?" என்று யாரும் கேட்டு முடிக்குமுன் என் வாய் முந்திவிடுகிறது:

"ஓம், கண்டனான்."