கதிர் மட்டத்தில் கண்

சீரிஸ் குறுங்கோள், பனித்துளை நிலையம்
பதிவு: பெனினா ஆசீர்வாதம், லேசர் இயற்பியலாளர். தற்போது தனி ஆள்.

ஆனி 12, காலை 07:10

துளைப்பான் சீராக ஓடுகிறது. மின்கலங்கள் நிறைவு. ரேடியோவில் அனுப்பும் பகுதி இன்னும் பழுதுதான். பூமி பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசுவது லேசர் இணைப்பு வழியாக மட்டுமே போகும். சொல் போய்ச் சேர அரை மணி நேரம், பதில் வர இன்னோர் அரை மணி. என்னை அழைத்துப் போக வரும் ‘கொற்கை’ கப்பல் பாதை மாறாமல் வருகிறது.

வேறு விசேஷம் இல்லை. காலையிலிருந்து முகத்தருகே ஒரு கொசு. இரண்டு முறை கையால் விரட்டினேன். அதன் பிறகுதான் உறைத்தது: இங்கே கொசு கிடையாது.

ஆனி 12, மாலை 16:30

வலது கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது. கொசு ஒன்று பலவாகி, கரித்தூள் கொட்டியதுபோல் மிதக்கிறது. மருத்துவக் குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். வந்த பதில்:

“பெனினா, டாக்டர் கமருன்னிசா பேசுதேன். நீ சொன்னத ரெண்டு தரம் கேட்டேன் பிள்ள. கண்ணுக்குப் பின்னால விழித்திரை கிழிஞ்சிருக்கு. கிழிசல் வழியா தண்ணி உள்ள போச்சுன்னா திரை சுவத்துக் காகிதம் மாதிரி உரிஞ்சு வந்துரும். அதுக்கு முந்தி கிழிசலச் சுத்தி லேசர் வைக்கணும். சின்னச் சின்னச் சூடு. தழும்பு விழுந்தா திரை ஒட்டிக்கிடும். மருத்துவ அறையில மெஷின் இருக்கில்லா? அதுவே குறி பார்த்துச் சுடும். இன்னைக்கே செஞ்சிரு. நாளைக்குன்னு வைக்காத.”

லேசர் கூடத்தில் கால் வைத்த அன்று எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் விதி, கதிர் ஓடும் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டு போகாதே என்பது. கீழே விழுந்த பேனாவை எடுக்கக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் குனிவோம். இப்போது கண்ணை அகலத் திறந்து அதற்குள் பார்க்க வேண்டும். வியர்க்கிறது. போகிறேன்.

ஆனி 12, மாலை 18:05

இயந்திரம் விழித்தது. கண்ணைப் படம் எடுத்தது. கிழிசல் தெரிகிறது, குதிரை லாடம் போல. சுடும் விசையை அழுத்தினேன். கதிர் வரவில்லை.

மூடியைக் கழற்றினேன். இதைப் படிப்பவர் என் துறையைச் சேராதவராக இருக்கலாம் என்பதால் சொல்கிறேன். லேசரின் நெஞ்சில் ஒரு படிகம் இருக்கிறது. டயோடு என்னும் சிறு விளக்கு அதன் அணுக்களுக்கு ஆற்றலை ஊட்டிக் கிளர்ந்து நிற்க வைக்கும். அப்படி நிற்கும் அணுவை ஓர் ஒளித்துகள் உரசிப் போனால், அணு தன் பங்குக்கு அச்சு அசலாக இன்னொரு துகளை விடும். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். எதிரெதிரே இரு கண்ணாடிகள். அவற்றின் நடுவே ஒளி ஓடி ஓடிப் பெருகும். ஒரு கண்ணாடி மட்டும் கொஞ்சம் கசிய விடும். ஒரே நிறம், ஒரே திசை, ஒரே தாளம் கொண்ட அந்தக் கசிவுதான் லேசர். அதன் பச்சை நிறம் கண்ணின் முன்பகுதியைச் சுடாமல் கடந்துபோய், பின்னால் உள்ள கருநிறப் படலத்தில் மட்டும் சூடாக இறங்கும்.

எல்லாம் சரியாக இருக்கிறது. டயோடு மட்டும் குளிரில் வெடித்திருக்கிறது. மாற்று டயோடு கிடங்கில் இல்லை.

ஆனி 13, காலை 06:40

வலது கண்ணில் கீழிருந்து ஒரு கறுப்புத் திரை ஏறுகிறது. எழுந்தபோது மேசை விளிம்பு வரை இருந்தது. இப்போது என் கைகள் தெரியவில்லை.

அதே வகை டயோடு நிலையத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது. லேசர் இணைப்பில். அதை எடுத்தால் என் வாய் அடைபடும்.

ஆனி 13, மதியம் 13:20

வலது கண் போய்விட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிறது.

ஆனி 13, மதியம் 13:50

இடது கண்ணில் மின்னல். ஆண்டவரே, இடதிலும்.

ஆனி 13, மாலை 15:30

செய்தி அனுப்பினேன்: “டயோடை எடுக்கிறேன். ஒரு நாள் பேச மாட்டேன். கண் முடிந்ததும் திரும்பப் பொருத்துவேன்.” பதிலுக்குக் காத்திருந்தேன். அந்த நேரம் முழுவதும் இடது கண்ணால் சுவரில் இருந்த ஒரே ஒரு ஆணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது மறைகிறதா என்று.

“எடு பிள்ள. வலது கண்ண நீ இங்கன வந்த பொறவு நான் பாத்துக்கிடுதேன். இடது கண்ண விட்றாத. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. சுட்ட உடனே ஒட்டிக்கிடாது. தழும்பு இறுக பத்து நாளாவது ஆகும். அதுவரைக்கும் குனியாத, பளு தூக்காத, மல்லுக்கட்டாத. பயமா இருந்தா சத்தமாப் பேசு. யாரும் கேக்கலன்னாலும் பேசு.”

ஆனி 13, மாலை 18:45

டயோடு கழன்று கைக்கு வந்துவிட்டது. அதைத் தாங்கிய பீங்கான் தட்டு, கழற்றும்போது இரண்டாகப் பிளந்தது. இணைப்பின் கதிரை வெளியே அனுப்பும் தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டாருக்குப் போகும் கம்பிகளும் அதோடு அறுந்தன. இனி டயோடைத் திரும்பப் பொருத்த இடமில்லை. பிறகு மருத்துவ அறைக்குப் போனேன்.

டயோடை இயந்திரத்தில் மாட்டினேன். தாடையை வைத்தேன். இமைகளை விலக்கும் கவ்வியைப் பொருத்தினேன். கண்ணை மூட வழியில்லை. டாக்டரம்மா சொன்னபடி சத்தமாகப் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. பாதி ஜெபம், பாதி திட்டு. பச்சை வெடித்தது. மண்டைக்குள் ஊசி இறங்கியதுபோல் வலி. மறுபடி பச்சை. மறுபடி. உலகமே பச்சையாகி, பின் ஊதாவாகி, பின் ஒன்றுமில்லாமல் போனது. குருடாகிவிட்டேன் என்று கத்தினேன்.

சிறிது நேரத்தில் ஆணி தெரிந்தது.

படத்தில் கிழிசலைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகள் வேலிபோல் நிற்கின்றன. ஒன்றுகூடத் தவறவில்லை. அழுதேன். கண்ணுக்கு நல்லதில்லை என்று நிறுத்திக்கொண்டேன்.

ஆனி 16, காலை 09:15

அசையாமல் படுத்திருக்கிறேன். ரேடியோவில் வந்தது:

“நிலையத்துக்குக் கொற்கை. கேப்டன் மாசிலாமணி பேசுறேன். ஒரு நாள்னு சொன்னீங்க, மூணு நாளாச்சு. அங்க ஆள் இருந்தா நான் கண்டிப்பா நிப்பேன். இல்லாத எடத்துல நின்னு எரிபொருளத் தீர்த்தா, அடுத்து நான் போற வெஸ்டா நிலையத்துல ஆக்சிஜனுக்குக் காத்துக்கிட்டிருக்கிற ஆறு பேரு கதி என்ன? இன்னைக்கு மாலை வரைக்கும் பாக்குறேன். ஏதாவது ஒரு சத்தம் குடுங்கம்மா.”

அடுத்து டாக்டரம்மாவின் குரல், என்னிடம் அல்ல, அவரிடம்: “அவ உயிரோடதான் இருக்கா கேப்டன். நின்னு போங்க. கெஞ்சிக் கேக்கேன்.”

இங்கே இருக்கிறேன் என்று கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

ஆனி 16, காலை 11:00

ஒரு வழி இருக்கிறது. கண் லேசர் இப்போது உயிரோடு இருக்கிறது. அதன் கதிரை இணைப்பின் தொலைநோக்கி வழியாக விட்டால், கப்பலிலிருந்து ஒரு பச்சை நட்சத்திரம் போலத் தெரியும். கப்பல் அந்த அளவுக்கு நெருங்கிவிட்டது.

லேசரைக் கழற்ற வேண்டும். ஏணி வழியாக மேல் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே எடை குறைவு, ஆனால் இறுகிய திருகுகளுக்கு அது தெரியாது. குனிய வேண்டும், மல்லுக்கட்ட வேண்டும். தழும்புக்கு வயது மூன்று நாள்.

மாலை வரைதான் நேரம்.

ஆனி 16, மதியம் 14:25

கடைசித் திருகைத் திருப்பும்போது இடது கண்ணுக்குள் ஏதோ அறுந்தது. கரித்தூள் கொட்டுகிறது. மின்னல். இப்போதே லேசரைத் திரும்பப் பொருத்திச் சுட்டால் ஒருவேளை கண்ணைக் காப்பாற்றலாம். ஆனால் கப்பல் போய்விடும். பார்வையோடு இங்கே தனியாகச் சாவேன்.

ஏணியில் மேல்நோக்கி ஏறினேன்.

ஆனி 16, மாலை 15:50

எழுத்து தெரியவில்லை. பேசிப் பதிகிறேன்.

கதிர் போகிறது. சீரிஸ் சுழல்வதால் தொலைநோக்கி தானாக விலகும், மோட்டார் இல்லை, திருகாணியைக் கையால் திருகிக்கொண்டே இருக்கிறேன். கறுப்புத் திரை பாதிக்கு ஏறிவிட்டது. மேல் விளிம்பில் மட்டும் ஜன்னல் போலக் கொஞ்சம் பார்வை.

“பச்சையா ஒரு வெளிச்சம்! பெனினா, நீங்கதானா? ஆமான்னா மூணு தரம் மறைங்க.”

மறைத்தேன். மூன்று தரம். கை தவறி நாலாவது தரமும் மறைந்தது.

“சரிம்மா. எஞ்சின பத்த வச்சிட்டோம். உங்க வழிகாட்டி ரேடியோ வேலை செய்யல, அந்த வெளிச்சத்தப் பிடிச்சுத்தான் நான் எறங்கணும். அணைச்சிராதீங்க.”

நேரம் தெரியவில்லை

ஜன்னலும் போய்விட்டது. கடிகாரம் தெரியவில்லை. லேசர் எரிகிறதா என்று தொட்டுப் பார்த்தேன். சூடாக இருக்கிறது. எரிகிறது. எங்கே பார்த்து எரிகிறது என்றுதான்

“வெளிச்சம் காணோம். பெனினா, வெளிச்சம் காணோம்.”

திருகினேன். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இங்கே எல்லாப் பக்கமும் ஒன்றுதான்.

“காணோம்மா. உங்களுக்கு எங்களத் தெரியலையா?”

தெரியவில்லை. தெரியவில்லை, கேப்டன். கேட்கிறதா, எனக்கு ஒன்றும்

“சரி, சரி. நான் சொல்றேன், நீங்க திருகுங்க. ஒரு பக்கமா மெதுவா. இன்னும் மெதுவா. இல்ல. மறுபக்கம். இன்னும். இன்னும் கொஞ்சம்…”

திருகுகிறேன்.

“இன்னும்.”

திருகுகிறேன்.

“ஆங். அங்கதான். தெரியுது. அப்படியே புடிச்சுக்கோங்க.”

பிடித்திருக்கிறேன். அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். ரேடியோவில் இரைச்சல் மட்டும் வருகிறது. பேசுங்கள் கேப்டன். தெரிகிறது என்று இன்னொரு தரம் சொல்லுங்கள். பிடித்திருக்கிறேன். பேசுங்கள்