குண்டனின் இதயம்

என்னவருக்கு,

நேற்று போனில் உங்களுக்கு மூச்சு வாங்கியது. "மாடி ஏறி வந்தேன், அதான்" என்றீர்கள். நீங்கள் குடியிருப்பது தரைத்தளம் என்பதை நான் மறக்கவில்லை. மாற்றலாகிப் போன ஊரில் மூன்று வேளையும் ஹோட்டல் எண்ணெய்ச் சாப்பாடு என்பதையும்தான்.

இங்கே ஆய்வகத்தில் குண்டன் போய்விட்டான். கொழுப்புத் தீனி தின்று வளர்ந்த எலி. டப்பா மூடியைத் திறந்தாலே ஓடிவருவான். கடைசியில் இரண்டடி வைத்ததுமே உட்கார்ந்துவிடுவான். இன்று அவன் இதயத்தை அறுத்துப் பார்த்தேன். பெருத்து, சுவர் தடித்துக் கிடந்தது. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டதைப் பார்த்த ஆய்வகத் தலைவி டாக்டரம்மா, "என்னம்மா, இத்தனை வருஷமா பண்ற வேலைதானே?" என்றார்.

"வீட்டு ஞாபகம் மேடம்" என்றேன். அவர் உடனே லீவு கொடுத்துவிட்டார்.

பாதியில் சாதாரணத் தீனிக்கு மாற்றிய எலிகளும் இருக்கின்றன. ஸ்கேனில் அவற்றின் இதயம் முழுக்கப் பழையபடி ஆகவில்லை. ஆனாலும் நிறையத் தேறியிருக்கிறது. கூண்டுக்குள் ஓடுகின்றன.

"எலிக்கும் எனக்கும் என்னடி சம்பந்தம்?" என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். சனிக்கிழமை வருகிறேன். திங்கட்கிழமை இதய டாக்டரிடம் நேரம் வாங்கியாயிற்று.

ஸ்டேஷனுக்கு வாருங்கள். பெட்டியை மட்டும் நான்தான் தூக்குவேன்.

உங்கள்
வீட்டுக்காரி