நீங்கள் சொன்னபடியே ஊறிய மீன்

என்னங்க,

மீன் பிரிட்ஜில், மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் இருக்கிறது. உங்கள் மேனேஜரும் அவர் வீட்டம்மாவும் சாயங்காலம் வந்துவிடுவார்கள். சுட்டுக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. நான் தங்கை வீட்டுக்குப் போகிறேன்.

போன வாரம் நான் சுட்ட மீனை அவர்கள் புகழ்ந்தபோது, "எல்லாம் என் கைப்பக்குவம் சார். ராத்திரி முழுக்க எலுமிச்சைச் சாறுல ஊறணும், அதான் ரகசியம். இவ வெங்காயம் மட்டும் நறுக்கிக் குடுத்தா" என்றீர்களே, அப்போது நான் தண்ணீர் ஜக்கோடு கதவருகில்தான் நின்றிருந்தேன்.

அதனால் இந்தத் தடவை உங்கள் பக்குவப்படியே நேற்று ராத்திரியே சாற்றை ஊற்றிவிட்டேன். கம்பித் தட்டில் எண்ணெய் தடவி, மீனை ஒரே ஒரு தடவை திருப்புங்கள், திருப்ப முடிந்தால். நான் அரை மணி நேரத்துக்கு மேல் ஊற வைத்ததே கிடையாது. ஏன் என்பது, மீன் உதிர்ந்து கம்பி இடுக்கில் விழும்போது தெரியும்.

வெங்காயம் நறுக்கி வைத்திருக்கிறேன். அது என் வேலையாயிற்றே.

கரி அடுப்பு பால்கனியில் இருக்கிறது. பால்கனிச் சாவி செருப்பு அலமாரி மேல்.

மறந்துவிட்டேன்: மேனேஜர் வீட்டம்மா போன் செய்தார். நீங்கள் சுடுவதைப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டுமாம். "தாராளமா நில்லுங்க, அவருக்கும் சந்தோஷமா இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று: உங்களுக்கென்று ஒரு துண்டை மட்டும் தனியாக, என் பக்குவத்தில் சுட்டு எடுத்து வைத்திருந்தேன். இப்போது கிளம்பும்போது அதைத் தங்கைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.