விற்ற கேக்

டிசம்பர் 12, வெள்ளி

விடியலில் தூறல். நாமக்கல் முட்டை லோடு தாமதம். அடித் தட்டுகளில் உடைசல். டிரைவர், "ரோடு அப்படி கீது, நான் இன்னா பண்ணட்டும்" என்றான். உடைசலை அவன் வாடகையிலேயே கழித்தேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனான். போகட்டும். கிறிஸ்மஸ் நெருங்கினால் முட்டை விலை தானாக ஏறும். வில்லியனூரில் வீட்டுக்கு வீடு யாரோ ஒருவர் கேக் சுடுகிறார்.

நம் வீட்டிலும். போன வாரம் மருமகள் ரெஜினா ஒன்று சுட்டாள், வீட்டுக்கென்று. நான் அதைத் துண்டு போட்டுக் கடைக்கு வந்த வாடிக்கைக்காரர்களுக்கு மாதிரி கொடுத்துவிட்டேன். எனக்கே ஒரு துண்டு மிஞ்சவில்லை. ஆனால் வந்த ஆர்டர்! வாங்கிப் போட்டுவிட்டேன். ரெஜினாவிடம் கேட்டுச் செய்யவில்லை. செய்துவிட்டுச் சொன்னேன்.

"இத்தினியா? எப்படி அத்தை?"

"முட்டை நம்புளுது. ஓவன் நம்புளுது. கை உன்னுது. இன்னா கஷ்டம்?"

மகன் லியோ சாப்பிட்டுக்கொண்டே, "கை ஒண்ணுதான் அவளுது போல" என்றான். சிரித்தேன்.

வாங்க வேண்டியவை: மைதா, வெண்ணெய், முந்திரி, சதுர டின் இன்னும் கொஞ்சம், அட்டைப் பெட்டி, சிவப்பு ரிப்பன். ரம், லியோ வாங்குவான். நான் போய் நின்றால் ஊர் பேசும்.

டிசம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து நேராகக் கடை. சாமியார் பிரசங்கத்தில் பாதி தூங்கிவிட்டேன்.

மத்தியானம் ரெஜினா வந்து பக்கத்தில் நின்று ஏதோ சொன்னாள். அவள் அப்பா வீட்டுக்குப் போவது பற்றி, காட்டேரிக்குப்பம். நான் போனில் இருந்தேன், பண்ணைக்காரரோடு விலைச் சண்டை. "ஆவட்டும், ஆவட்டும்" என்று கையைக் காட்டினேன். போய்விட்டாள்.

விலையில் ஜெயித்தேன்.

டிசம்பர் 17, புதன்

காலையில் பனி, பிறகு வெயில். வீடு முழுக்கக் கருகின சர்க்கரை வாசனை. ரெஜினா சர்க்கரையை இரும்புச் சட்டியில் கருக்குவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. புகை வரும், இன்னும் இறக்கமாட்டாள், இன்னும், இன்னும். பிறகு சட்டென்று தண்ணீர். கைக்குட்டையை வாயில் கட்டிக்கொண்டு செய்கிறாள்.

பக்கத்துத் தையல் கடை வளர்மதி ஜன்னலில் தலையை நீட்டி, "யக்கா, கேக் சுடறீங்களா, வூட்டயே கொளுத்தறீங்களா?" என்றாள். பிறகு, "ஒரு துண்டு குடேன், பொங்கலுக்குக் கரும்பு தர்றேன்."

"ஆர்டர் கேக்டி. துண்டு கிடையாது."

"உனுக்கு உன் மருமவ சோறு போட்டாலும் ரசீது போட்டுத்தான் துன்னுவ."

இவள் வாய்க்கு இவள் புருஷன்தான் சரி.

டிசம்பர் 19, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

நாலு மணிக்கு மூன்று பேர் கேக் எடுக்க வருவதாக இருந்தது. ரெஜினா வெண்ணெய் வாங்க லியோவோடு வண்டியில் போயிருந்தாள். மாவு கலந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஊறின பழம் மட்டும் போதாது என்று சொல்லியிருந்தாள். நேரம் போகிறதே என்று நானே தேடினேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒரு ஊறுகாய் ஜாடி, வாயில் வெள்ளைத் துணி கட்டி. அவிழ்த்தேன். ரம் வாசனை மூக்கில் ஏறியது. திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல், எல்லாம் கன்னங்கரேலென்று. நல்ல சரக்கு. இதை வைத்துக்கொண்டா பழம் இல்லை என்று சொன்னாள் என்று நினைத்தேன். மொத்தமும் மாவில் கவிழ்த்தேன். சதுர டின் எல்லாம் வேறு ஆர்டர் கேக்கோடு வெளியே போயிருந்ததால் வட்டத் தட்டு மூன்றில் ஊற்றி ஓவனில் வைத்தேன். எனக்கே பெருமை, ஒரு ஈடு நானே சுட்டுவிட்டேன் என்று.

ரெஜினா வந்தாள். தொட்டியோரம் ஜாடி கவிழ்ந்திருந்தது.

"அத்தை, இதுல இருந்தது?"

"மாவுல. எதுக்கு ஒளிச்சி வெச்ச?"

"ஒளிச்சி வெக்கல. அது எங்கம்மா ஜூலைல ஊறப் போட்டது."

அவள் அம்மா அருள்மேரி ஆகஸ்டில் செத்துப்போனாள். காய்ச்சல் என்று படுத்தாள், அவ்வளவுதான்.

ஓவன் மணி அடித்ததும் ரெஜினா மூன்றையும் இறக்கினாள். ஆற வைத்தாள். பெட்டியில் வைத்தாள். ரிப்பனும் அவள்தான் கட்டினாள். வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். காசு நான் வாங்கினேன்.

ஒன்றையாவது நிறுத்தி வைத்திருக்கலாம். வாசலில் ஆள் நிற்கிறது, சொன்ன சொல் இருக்கிறது, அதுதான் எனக்கு முன்னால் தெரிந்தது. அவள் கேட்டிருந்தாலும் நிறுத்தியிருப்பேனா? மாட்டேன். இங்கே பொய் எழுதி என்ன.

டிசம்பர் 20, சனி

மேகம். மழை இல்லை.

மீதி ஆர்டர் முழுக்கச் சுட்டு முடித்தாள். நான் பக்கத்தில் போய், "வேற பழம் வாங்கித் தர்றேன், ஒசத்தி ரம்மா ஊத்தி ஊறப் போடு" என்றேன்.

"சரிங்கத்தை."

சண்டை போட்டிருந்தால் பதில் இருக்கிறது என்னிடம். முப்பது வருஷமாகச் சந்தையில் கத்தித்தான் பிழைக்கிறேன்.

உடைந்த முட்டை டீக்கடைக்குக் கொடுத்தாயிற்று. கரண்ட் பில் கட்டணும்.

டிசம்பர் 21, ஞாயிறு

ரெஜினா காட்டேரிக்குப்பம் போய்விட்டாள். பையில் துணிமணி. மேலே, துண்டில் சுற்றி, அந்தக் காலி ஜாடி.

"ரெண்டு கேக் எடுத்துக்கினு போ. பெட்டியோட கீது" என்றேன்.

"வேணாம் அத்தை. அது ஆர்டர் கேக்."

கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னாள்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்த லியோ ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"ம்மா, அவுங்கம்மா செத்து மொத கிறிஸ்மஸ். அந்த வூட்டுல சட்டி வெக்கமாட்டாங்க. பொண்ணுதான் பலகாரம் செஞ்சி எடுத்துக்கினு போவணும். அந்த ஜாடிப் பழத்துல ஒரே ஒரு கேக் சுட்டு அம்மா படத்தண்ட வெக்கணும்னு நாலு மாசமா பாத்துக்கினு இருந்தா."

"என்கிட்ட சொல்லலியே."

"சொன்னா. போன ஞாயித்துக்கெழம. நீ போன்ல இருந்த."

ஆவட்டும், ஆவட்டும்.

துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏற்றக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? என் புருஷன் செத்த வருஷம் என் வாசலுக்கு வந்த தட்டுகளை நான் மறந்துவிட்டேனா? மறக்கவில்லை. நினைக்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் போல.

டிசம்பர் 22, திங்கள்

கடையில் கல்லாவுக்கு மேலே நானே எழுதி மாட்டின அட்டை: விற்ற முட்டை திரும்ப எடுக்கப்படமாட்டாது. இன்றைக்கெல்லாம் அதுதான் கண்ணில்.

ஒன்று தோன்றியது. அந்த ஈடு மட்டும் வட்டம். மற்றதெல்லாம் சதுரம். வட்டம் வாங்கின மூன்று பேரையும் எனக்குத் தெரியும். மீதி இருந்தால் திருப்பிக் கேட்டால் என்ன?

முதல் வீடு, பேங்கில் வேலை பார்க்கும் அம்மா. கதவைத் திறந்ததுமே, "சூப்பருங்க! அன்னிக்கே காலி. பசங்க பெட்டிய நக்காத கொறதான். இன்னொண்ணு கெடைக்குமா?" என்றார். கிடைக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆர்டரை வேண்டாம் என்றது வாழ்க்கையில் முதல் தடவை.

இரண்டாவது, ஹார்டுவேர் கடைக்காரர். கடலூரில் இருக்கும் மொத்த வியாபாரிக்குக் கொடுத்துவிட்டாராம். "நல்ல பேரு வந்திச்சிமா" என்றார். அருள்மேரி ஜூலையில் ஊறப்போட்டதில் இவருக்கு நல்ல பேர்.

மூன்றாவது அரியாங்குப்பம். நாளைக்கு.

டிசம்பர் 23, செவ்வாய்

காலையிலேயே ஸ்கூட்டியில் அரியாங்குப்பம். பாலத்தில் நெரிசல். ரிட்டையரான டீச்சர் வீடு. என்னைப் பார்த்ததும் மிரண்டுவிட்டார்.

"இன்னாமா, முட்டை எதனா கெட்டதா? பேரனுக்குக் குடுத்துட்டனே!"

"அய்யோ, அதெல்லாம் இல்லீங்க. மீதி இருந்தா நான் வாங்கிக்கலாம்னு வந்தேன்."

"வாங்கிக்கவா? நான் ஒரு தட்டு முட்டையத் திருப்பி எடுத்துக்கினு வந்தப்ப போர்டைக் காட்டி அனுப்புன ஆளு நீ."

ஞாபகம் இருந்தது அவருக்கு. எனக்கும்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி, ஜூலை, படம். ஒளிக்காமல், நான்தான் கவிழ்த்தேன் என்பதையும். அவர் உள்ளே போனார். பாத்திரச் சத்தம். பாதி கேக்கை வெண்ணெய்த் தாளில் சுற்றிக்கொண்டு வந்தார். பாதி தின்றாயிற்று.

பணத்தை நீட்டினேன்.

"உள்ள வைமா. இதுக்குப் போயி."

இனாமாக ஒன்றை வாங்கிக்கொண்டு படி இறங்குவது எவ்வளவு கூச்சம் என்று இத்தனை வயதில் தெரிந்துகொண்டேன்.

மத்தியானம் வளர்மதி கேட்டாள், "பாதி கேக்க மட்டும் தூக்கிக்கினு துக்க வூட்டுக்குப் போவப் போறியா?" கடையை மூடிவிட்டு அவளே வந்தாள். முறுக்கு அவள் பிழிந்தாள். எனக்குக் கலகலா. இனிப்பு மாவை உருட்டிப் புதுச் சீப்பின் முதுகில் அழுத்திச் சுருட்ட வேண்டும். கலகலா சுருட்டி எத்தனை வருஷம்! பண்டிகைக்கு முன்தினம் என்றால் எனக்குக் கடைதான். அடுப்பை வீட்டில் யாராவது பார்த்துக்கொள்வார்கள்.

"யக்கா, இது கலகலாவா? கம்பளிப்பூச்சி மாரி கீது."

"மூடிக்கினு பொரிடி."

பாதி தீய்ந்தது. நல்லதாகப் பொறுக்கி எடுத்தேன்.

டிசம்பர் 24, புதன்

லியோவைக் கடையில் உட்காரவைத்துவிட்டு நானே காட்டேரிக்குப்பம் போனேன். பெரிய எவர்சில்வர் தட்டு, மேலே துணி. கரும்பு லாரிக்குப் பின்னாலேயே வழி முழுக்க.

சம்பந்தி சூசை வாசலில் கட்டிலில். எழுந்து, "வாங்கம்மா" என்றார். உள்ளே தெருக்காரர்கள் கொண்டுவந்த தட்டுகள் வரிசையாக. குடில் இல்லை, நட்சத்திரம் கட்டவில்லை. அடுப்பில் சோறு மட்டும். அருள்மேரி படத்துக்குக் கீழே அந்த ஜாடி, கழுவி, துணி கட்டி.

தட்டை ரெஜினாவிடம் கொடுத்தேன். வெண்ணெய்த் தாளைப் பிரித்தாள். வளைந்த ஓரத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவளுக்கு.

"இது எப்படி அத்தை?"

"டீச்சர் வூட்டுல இருந்திச்சி. பாதிதான் கெடைச்சிது."

மன்னிப்பு என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வியாபாரத்தில் அந்த வார்த்தை பழக்கமில்லை. "பாதிதான்" என்று மறுபடியும் அதையே சொன்னேன்.

அவள் தலையாட்டினாள். மெல்லிசாக ஒரு துண்டு அறுத்துப் படத்தின் முன்னால் வைத்தாள். ஒன்று அப்பாவுக்கு. அவர் வாயில் போட்டு நெடுநேரம் வைத்திருந்தார்.

"சக்கர கொஞ்சம் தீஞ்சி கீது" என்றார். "அவளும் இப்படித்தான் தீப்பா. சொன்னா கேக்கமாட்டா."

பெண்ணும் அப்பாவும் சிரித்தார்கள். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நான் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மீதியை அவள் மூடி உள்ளே எடுத்துப் போனாள். என் பக்கம் துண்டு வரவில்லை. கேட்கிற இடமா அது.

கிளம்பும்போது, "நாளைக்கு வர்றியாமா?" என்றேன்.

"அப்பா தனியா கீறாரு அத்தை."

டிசம்பர் 25, வியாழன்

காலைப் பூசை. வெளியே வந்தால் ஆளுக்கு ஆள், "இந்த வருஷம் எங்க வூட்டுல உங்க வூட்டு கேக்தான்!" தெருவுக்குத் தெரு இருக்கிறது. எங்கள் மேசையில் பார்சல் பிரியாணி. லியோ நாலு வாய் சாப்பிட்டுவிட்டுக் காட்டேரிக்குப்பம் கிளம்பிவிட்டான். தடுக்கவில்லை.

மீதியை நான் தனியாகச் சாப்பிட்டேன். உப்பு அதிகம்.

டிசம்பர் 27, சனி

வெயில். லோடு நேரத்துக்கு வந்தது. உடைசல் குறைவு.

நியூ இயருக்குக் கேக் கேட்டு போன் மேல் போன். இல்லை என்கிறேன். ஏன் என்கிறார்கள். இல்லை.

லியோ திரும்பி வந்தான், தட்டோடு. "எப்ப வருவாளாம்?" என்றேன். "சொல்லல, ம்மா."

தட்டு காலி. யாரும் யாருக்கும் தட்டைக் காலியாகத் திருப்புவதில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். வளர்மதியிடம் காட்டினேன்.

"துக்க வூட்டுத் தட்டு காலியாத்தான் வரும் யக்கா. எதனா போட்டுக் குடுத்தாதான் தப்பு."

"மொறைக்குக் குடுத்தாளா, கோவத்துல குடுத்தாளா?"

"அத தட்டப் பாத்துச் சொல்லச் சொல்றியா?"

அவள் போனபிறகு தட்டை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். நன்றாகத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். சோப்பு வாசனை மட்டும்.