நடுவிரல் கோடு

திருமழிசை
ஞாயிறு மதியம்

அன்புள்ள ஷாகிதாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மேல்விஷாரத்தில் நீயும் உன் புகுந்த வீட்டாரும் நலமா? போனில் பேசினால் கெட்ட வார்த்தைதான் முதலில் வரும். அதனால் எழுதுகிறேன்.

நீ இருந்தபோது வார்த்த கதவுப் பிடியெல்லாம் பட்டறையில் இப்போது இல்லை. செத்துப்போன செல்ல நாய்களின் கால் தடத்தைப் பித்தளையில் வார்த்துக் கொடுக்கிறோம். முதலாளி சரவணக்குமார் அதைப் 'பாதம்' என்றுதான் சொல்வார். நாம் லேட்டாக வந்தால் மட்டும் 'காலை ஒடிச்சிடுவேன்'. பெண்களுக்கு இன்னும் கக்கூஸ் கட்டவில்லை. பாதத்துக்கு வெல்வெட் பெட்டி வந்துவிட்டது.

போன வாரம் அண்ணா நகரிலிருந்து வந்த ஒரு களிமண் கால் அச்சின் மேல் முதலாளியே பார்க்காமல் பித்தளைக் கட்டியை வைத்து நொறுக்கிவிட்டார். அந்த நாயை ஏற்கெனவே எரித்தாகிவிட்டது. "எல்லா நாய்க்கும் நாலு வெரலுதானே? சுருளியக் கூப்டு" என்றார். ஆமாம், பட்டறை வாசலில் நீ டீக்கடைப் பொறை போட்டு வளர்த்த சுருளிதான். அச்சு சரியாக விழும்வரை அதன் காலைத் திரும்பத் திரும்பக் களிமண்ணில் அழுத்தினேன். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பொறை. "இன்னாடி, அதுக்கு ரேகை பாக்குறியா?" என்று நாகவல்லி அக்கா சிரித்தார்.

வெள்ளிக்கிழமை அந்த அண்ணா நகர் அம்மா வந்தார். பித்தளையை முத்தமிட்டு அழுதார். "நடுவிரல்ல இந்தக் கோடு! என் புரூனோதான், எனக்குத் தெரியாதா?" என்றார். ஷாகிதா, அது சுருளிக்கு நீ ஊக்கால் கண்ணாடிச் சில்லை எடுத்த தழும்பு. முதலாளி கைகட்டிக்கொண்டு, "பெத்த மனசும்மா" என்றார்.

அந்த நேரம் பார்த்துச் சுருளி வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தது. அந்த அம்மா பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஐயோ, சொறி நாய்! அடிச்சுத் துரத்துங்க!" என்று அலறினார்.

அவர் கார் கிளம்பியதும், சுருளியை லோடு வண்டியில் ஏற்றித் தூரமாக விட்டுவர, அதைப் பொறை காட்டிக் கூப்பிடும்படி என்னிடம் சொன்னார் முதலாளி. முடியாது என்றேன். "அப்போ நாளைலேர்ந்து நீயும் வராத" என்றார். சரி என்றேன். "நாய்க்கோசரம் வேலைய உடுவியாடி, லூசு?" என்று நாகவல்லி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். முதலாளி தானே பொறையை நீட்டினார். சுருளி உடனே வாய் வைக்கவில்லை. முதலில் காலைத் தூக்கி அவர் கையில் வைத்தது. கழுத்தில் கயிறு விழுந்தது.

வண்டி ராணிப்பேட்டைக்குப் போனது. வாலாஜா டோல்கேட் தாண்டி இறக்கிவிட்டேன் என்கிறார் டிரைவர். உன் வீட்டிலிருந்து பக்கம்தானே. வயிற்றுப் பிள்ளையோடு நீ வெயிலில் அலையக் கூடாது, உன் வீட்டுக்காரரை அனுப்பு. நான் வேறு வேலை தேடிக்கொள்வேன். என் அம்மாவிடம் மட்டும் இப்போது சொல்லிவிடாதே.

கிடைத்தால் நடுவிரலைப் பார். பொறை போடு. காலை நீட்டும், வாங்காதே. முதலில் அது தின்னட்டும்.

உனக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்கட்டும்.

உன்
மதிவதனி